இழையின் வலுவும் கயிற்றின் வலுவும்



இலக்கியத்தில் வந்த ஒரு நூலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நூல் என்றதும் ஏட்டையும் புத்தகத்தையும் நினைத்துவிட வேண்டாம். தறியில் ஓடுகின்ற, கயிறாகத் திரிகின்ற நூலையே நான் சொல்கிறேன். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பதை நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் அழகாகப் பயன்படுத்திக்கொண்டார். சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவர் உருவகித்தார். பஞ்சின் தனித் துய் ஒன்று விரல் நீளங்கூட இராது. நூற்கப்பட்ட பின்னரோ அது முழக்கணக்கில் நீள்கிறது; பாரம் தாங்குகிறது. குட்டையானவை நெடியதாவதும் மெலிந்தவை வலியதாவதும் எவ்வாறு என்ற கேள்வி அந்த உருவகத்துக்குள் அடங்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் சிலவற்றைத் திணறவைத்ததும் இதே கேள்விதான்.

கதையில் வந்த நூல்

ஆதர் சி. கிளார்க் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட 'த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்ற நாவலை உங்களிற் சிலர் வாசித்திருப்பீர்கள். 1956 இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 மார்ச் 19 ஆந் திகதி கொழும்பில் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்த எழுத்தாளர் அவர். நமது தீவையே 'தப்ரபேன்' என்ற பெயரில் அந்நாவலின் களமாக்கினார். கதைக்கு வசதியாகத் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்தியகோட்டின்மேல் வைத்தார். சிவனொளிபாதமலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். அம்மலையின் உச்சியிலிருந்து வானத்துக்கு ஒரு தூக்கி கட்டுவதே கதை. நிலத்திலிருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழலும் ஒரு நிலையத்திலிருந்து நூலை இறக்கி, அதன்மேல் ஏறி விண்ணுக்குச் செல்லலாம் என்பதே எண்ணம்.

எண்ணம் கிளார்க்குடையதன்று, அவரும் அப்படி உரிமை பாராட்டவில்லை. ரஷ்ய நாட்டுச் சியோல்கோவ்ஸ்கி 1895 இலேயே வானளாவும் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்திருந்தார். லெனின்கிராட்டைச் சேர்ந்த பொறியியலாளர் யூரி ஆர்சுத்தானொவ் 1960 இல், மேலிருந்து கீழே தொங்கவிடும் கயிறு என்ற வடிவத்தை ஒரு செய்தித்தாளில் எழுதினார். கிளார்க் அதற்கு உயிருள்ள மனிதரைக் கொடுத்தார். அவருடைய கதாநாயகன் வனவார் மோர்கன் ஒரு பொறியியலாளன். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையொன்று அவனிடம் இருக்கிறது. வைரப் பளிங்கின் அமைப்புக் கொண்ட அந்த இழையின் பெரும்பகுதி காபன்.

இந்நாவலை வாசித்தபோது என்னைக் கவர்ந்தது தூக்கியன்று, அந்த இழைதான். மலையை யார் விட்டுக்கொடுப்பது, மடாலயத்துப் பிக்குமார் என்ன செய்வார்கள் என்றெல்லாம் கதை வளர்கிறது. இழை மட்டும் கதை தொடங்குமுன்னரே உருவாகி முடிந்துவிட்டது. அதை யார் நூற்றார்கள், எத்தனை தடவை அது அறுந்தது என்று நாவலாசிரியர் சொல்ல வேண்டியதில்லை. வரலாற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. உண்மையான இழைகள் ஒவ்வொன்றும் பலமுறை அறுந்த பின்னரே வந்திருக்கின்றன. அந்த வரலாற்றையே இவ்வுரையில் பின்தொடரப் பார்க்கிறேன்.

மோர் போன்ற கரைசல்

முதலில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள நூலொன்றில் எத்தனை கிலோ கட்டித் தொங்கவிடலாம்? பியானோவுக்குப் பூட்டும் உயர்ந்த உருக்குக் கம்பியானால் 200 முதல் 300 கிலோ வரை தாங்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், இனி வரும் இழைகளை நாமே நிறுத்துப் பார்க்கலாம்.

நைலோன், பொலித்தீன் போன்ற பொருட்களை நமது இரசாயன பாடநூல்கள் பல்பகுதியம் என்று குறிப்பிடும். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாவதே பல்பகுதியம். சாதாரண நைலோனில் இச்சங்கிலிகள் சிக்குப்பட்ட நூற்கண்டுபோல் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் அவை முதலில் நிமிர்கின்றன, பிறகே பாரத்தைத் தாங்குகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் டியுபொன்ட் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவோலெக் என்ற பெண்மணி பணியாற்றினார். மருத்துவம் படிக்க விரும்பி, அதற்குப் பணம் சேர்ப்பதற்காக 1946 இல் இரசாயனவியலாளராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவர் அவர். 1960 களின் நடுப்பகுதியில், மோட்டார் வாகன ரயர்களுக்கு உருக்குக் கம்பிக்குப் பதிலாகப் பாரமற்ற இழையொன்றைத் தேடும் பணி அவரிடம் வந்தது. 1965 இல் அவர் தயாரித்த பல்பகுதியக் கரைசல் ஒன்று விசித்திரமாயிருந்தது. வழக்கமான கரைசல்கள் தேன்பாகுபோல் தெளிவாகவும் தடிப்பாகவும் இருக்கும். இதுவோ மோரைப் போலக் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. வேறொருவர் ஊற்றி எறிந்திருக்கக்கூடும். நூற்கும் பொறிக்குப் பொறுப்பாயிருந்தவரும் நுண்துளைகள் அடைபட்டுவிடும் என்று அஞ்சி முதலில் மறுத்தார். குவோலெக் விடவில்லை. ஈற்றில் நூற்றுப் பார்த்தபோது இழை அறவில்லை.

அந்தக் கலங்கலுக்குக் காரணம் உண்டு. அதிலிருந்த மூலக்கூறுகள் சுருள்பவையல்ல; கோல்களைப் போல விறைப்பானவை. ஆற்றில் மிதந்துவரும் மரக்குற்றிகள் ஒரே திசையில் அணிவகுப்பதுபோல அவை கரைசலுக்குள்ளேயே வரிசைப்பட்டு நின்றன. நுண்துளை வழியே பாய்ந்தபோது அந்த ஒழுங்கு அப்படியே இழையில் உறைந்தது. இந்த ஆய்வின் வழியில் வந்த கெவ்லார் 1971 இல் விற்பனைக்கு வந்தது. 1970 களின் நடுப்பகுதியிலிருந்து குண்டு துளைக்காத அங்கிகளாகப் பொலிஸாரின் மார்பில் ஏறியது. நமது அளவுகோலில் கெவ்லார் சுமார் 350 கிலோ தாங்கும். உருக்கைவிடச் சற்றே அதிகந்தானே எனலாம். ஆனால் அதன் நிறை உருக்கின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை மறந்துவிடலாகாது. குவோலெக் 2014 இல் தமது 90 ஆவது வயதில் காலமானார்.

கோழி உடைத்த விசிறி

அதே 1960 களில் பிரித்தானியாவின் ஃபார்ன்பரோ வான்கல ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட்டும் அவருடைய தோழர்களும் இன்னொரு வழியைக் கண்டனர். பல்பகுதிய இழையொன்றை இழுத்துப் பிடித்தபடி கடும் வெப்பத்தில் கருக்கினால், மற்றவை ஆவியாகிக் காபன் மட்டும் இழையாக எஞ்சும். யப்பானிலும் அகியோ ஷிந்தோ இவ்வழியில் முன்னரே வெற்றி கண்டிருந்தார். இந்தக் காபன் இழை மிக விறைப்பானது, ஆனால் தனியே நிற்காது. எபொக்சி போன்ற பிசினில் தோய்த்து உறையவைத்தால்தான் அதைப் பலகையாகவோ குழாயாகவோ ஆக்கலாம். இழை பாரத்தைத் தாங்கும்; பிசின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஓரிழையின் பாரத்தை அடுத்த இழைக்குக் கடத்தும். இந்தக் கூட்டுக்குடித்தனத்தில் இழைக்கே பெயரும் புகழும். பிசினைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேசாததன் விலை பெரிதாக இருந்தது. ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் தனது ஆர்பி 211 என்ற புதிய விமான இயந்திரத்தின் விசிறித் தகடுகளைக் காபன் இழையாலும் பிசினாலும் செய்யத் துணிந்தது. உருக்கையும் ரைற்றேனியத்தையும்விடப் பாரம் குறைவு என்பதே கவர்ச்சி. இழுத்துப் பார்த்த சோதனைகளில் தகடுகள் தேறின. ஆனால் வானில் பறவைகள் உண்டு. பறக்கும் விமானத்தில் பறவை மோதுவதுபோல, 1970 இல் கோழியொன்றைத் துப்பாக்கிக் குழாயிலிருந்து வீசிப் பார்த்தபோது தகடு சிதறியது. இழையின் போக்கில் இழுத்தால் அசையாதது, பக்கவாட்டில் அடித்தால் தாங்கவில்லை. ரைற்றேனியத்துக்கே திரும்பவேண்டியதாயிற்று. வேறு செலவுகளும் சேர, 1971 பெப்ரவரி 4 ஆந் திகதி அந்தப் பெருநிறுவனம் முறிந்தது, அரசாங்கம் பொறுப்பேற்றது. காபன் இழைப் பிசின் கலவையால் ஆன விசிறித் தகடு, வேறொரு நிறுவனத்தின் ஜிஈ 90 என்ற இயந்திரத்தில், பயணிகளைச் சுமக்க 1995 வரை காத்திருந்தது. அதற்கும் முனையில் ரைற்றேனியக் கவசம் பூட்டவேண்டியிருந்தது.

புகைக்கரியில் கண்ட குழாய்

கிளார்க்கின் நாவல் வெளிவந்து 12 ஆண்டுகளின் பின், 1991 நவம்பரில், யப்பானின் சுக்குபா நகரிலுள்ள என்ஈசி ஆய்வுகூடத்திலிருந்து சுமியோ இஜிமா ஒரு கட்டுரை வெளியிட்டார். காரீயக் கோல்களுக்கிடையே மின்வில்லைப் பாய்ச்சும்போது படியும் கரியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, ஊசிகள்போன்ற நுண்ணிய குழாய்களை அவர் கண்டார். நமது போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் காரீயம் தாள்தாளாக அமைந்த காபன். அதில் ஒரேயொரு தாளை எடுத்தால் கோழிக்கூட்டு வலைபோல அறுகோணக் கண்களாயிருக்கும். அந்த வலையைப் பாய்போலச் சுருட்டி, ஓரங்களைத் தையல் தெரியாமல் பொருத்தினால் கிடைப்பதே காபன் நனோகுழாய். ஒரு சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே.

இஜிமாவுக்கு முன் இதை யாரும் காணவில்லை என்று சொல்ல முடியாது. சோவியத் அறிஞர்களான ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் 1952 இலேயே உள்ளீடற்ற காபன் இழைகளின் படங்களை ருஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தனர். பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாட்டார் அதைக் கவனிக்கவில்லை. 1976 இல் பிரான்சில் பணியாற்றிய மொரினொபு எண்டோவும் அவருடைய தோழர்களும் கண்டனர். 2006 இல் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் டமஸ்கஸ் வாளொன்றின் உருக்கில் இக்குழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். அவ்வகை வாள்களுக்குரிய உருக்கு தென்னாசியாவிலிருந்து சென்றது. 2020 இல் கீழடி மட்பாண்டங்களின் கரும்பூச்சிலும் இவை காணப்பட்டதாகத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் எழுதினர். இதைக் கொண்டு பண்டைத் தமிழர் நனோ விஞ்ஞானம் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. கொல்லனும் குயவனும் நெருப்பை அறிந்திருந்தார்கள். நெருப்பு தன் வேலையைச் செய்தது. அவர்களுடைய பெருமைக்கு அதுவே போதும்.

குழாயின் வலுவை அளப்பது எளிதாக இருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ரொட்னி ரூஃப் என்பவரின் குழுவினர், நுணுக்குக்காட்டிக்குள் வைத்தே 19 தனிக் குழாய்களைப் பிடித்து இழுத்து அறுத்தனர். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய பல சுவர்க் குழாய்கள் அவை. வெளிச்சுவர் அறுந்ததும் உட்குழாய், உறையிலிருந்து வாள் உருவப்படுவதுபோல வழுக்கி வெளியே வந்தது. அறுந்த வெளிச்சுவரின் வலு, நமது அளவுகோலில் சுமார் 1,100 முதல் 6,400 கிலோ வரை! மோர்கனின் இழை பிறந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். அதே சோதனை சொன்ன இன்னொரு செய்தியை அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாள் உறையிலிருந்து வழுக்கியது. அடுத்தடுத்துள்ள இரு சுவர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவில்லை.

பற்றிக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. தும்புக் கயிறு திரிப்பவர்களுக்கு இது புதிதன்று. தென்னந்தும்பு ஒவ்வொன்றும் சாண் அளவுதான். கயிறோ பாகக்கணக்கில் நீள்கிறது. முறுக்கும்போது தும்புகள் ஒன்றையொன்று நெருக்கிப் பற்றுகின்றன. கயிறு அறும்போது பெரும்பாலும் தும்பு அறுவதில்லை, பிடி நழுவுகிறது. நனோகுழாய்கள் ஆரம்பத்தில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு, சில பங்கு நீளமே இருந்தன. அதன்மேல் மேனியோ கண்ணாடிபோல் வழுவழுப்பு. ஆயிரம் யானைகளை வாலில் பிடித்துச் சங்கிலியாக நிறுத்தினாலும், சங்கிலியின் வலு யானையின் வலுவன்று, பிடியின் வலுவே.

பசையின் பங்கு

இங்கேதான் பல்பகுதியம் மீண்டும் வருகிறது. குழாய்களைப் பிரித்து வைக்கவும், ஒரே திசையில் நிறுத்தவும், ஒன்றின் பாரத்தை மற்றதற்குக் கடத்தவும் ஓர் இடைத்தரகர் வேண்டும். கேரளத்தில் பிறந்து இஜிமாவின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய புளிக்கல் அஜயன், 1994 இல் நனோகுழாய்களை எபொக்சிப் பிசினில் கலந்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். வெட்டிய போக்கிலேயே குழாய்கள் வரிசைப்பட்டிருந்தன. நனோகுழாயையும் பல்பகுதியத்தையும் இணைத்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

கலப்பது என்று சொல்வது எளிது. நனோகுழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். மாவில் தண்ணீர் ஊற்றும்போது கட்டிபடுவதுபோல. கட்டி உள்ள இடத்தில் இழை அறும். கட்டியைக் கரைக்கக் கடும் அமிலத்தால் குழாயின் மேனியில் இரசாயனக் கொளுக்கிகளைப் பூட்டலாம்; பல்பகுதியம் அவற்றைப் பற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு கொளுக்கியும் குழாயின் சுவரில் ஒரு வடு. பிடி கூடக்கூடக் குழாயின் சொந்த வலு குறைகிறது. இந்த இழுபறியே கடந்த முப்பது ஆண்டு ஆய்வின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

2000 ஆம் ஆண்டில் பிரான்சின் போர்டோ நகருக்கருகே பிலிப் பூலனின் குழுவினர் ஓர் எளிய உபாயம் கண்டனர். குழாய்களைச் சவர்க்காரத் தன்மையுள்ள திரவத்தால் நீரில் பிரித்து, மைபோலாக்கி, பொலிவைனைல் அற்ககோல் என்ற பல்பகுதியக் கரைசல் ஓடும்போது அதற்குள் நுண்துளை வழியே பாய்ச்சினர். பசைகளிலும் கடதாசிப் பூச்சுகளிலும் பயன்படும் எளிய பொருள்தான் அது. சவர்க்காரத்தை விலக்கிவிட்டு அது குழாய்களைத் தழுவிக்கொண்டது. ஓட்டத்தின் திசையில் வரிசைப்பட்ட குழாய்கள் நாடாவாக இறுகின; கழுவி உலர்த்தியபோது தலைமயிர்போன்ற கரிய இழையாயின. அந்த இழையை முடிச்சுப் போட்டாலும் முறியவில்லை. வலு பெரிதாக இல்லாவிடினும், கையால் தொட்டு முடிச்சுப் போடத்தக்க நனோகுழாய் நூல் உலகுக்குக் கிடைத்தது.

இரண்டாண்டு கழித்து, 2002 இல், அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில் சதீஷ் குமார், நொபெல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஸ்மோலி முதலியோருடன் சேர்ந்து வேறு வழியில் சென்றார். பிபிஓ என்ற பல்பகுதியம் கெவ்லாரையும் விஞ்சியது. கோல்போன்ற மூலக்கூறுகளைக் கொண்டது. அதை உருவாக்கும்போதே 10 வீதம் நனோகுழாய்களைச் சேர்த்து நூற்றனர். ஆய்வுகூடத்தில் நூற்ற வெறும் பிபிஓ இழை நமது அளவுகோலில் சுமார் 260 கிலோ தாங்கியது. கலந்த இழை சுமார் 420 கிலோ தாங்கியது. சூட்டிலும் அது குறைவாகவே சுருங்கியது.

2003 இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் வளாகத்தில் ரே போமனின் குழுவினர் பூலனின் முறையைத் திருத்தி, 100 மீற்றர் நீளமான இழைகளை இடையறாது நூற்றனர். நிறையில் ஏறத்தாழ 60 வீதம் நனோகுழாய், மீதி பல்பகுதியம். தாங்கிய பாரம் சுமார் 180 கிலோ. உருக்குக் கம்பிக்கும் குறைவு. எனினும் அறுப்பதற்கு வேண்டிய சக்தியை அளந்தபோது வியப்பு ஏற்பட்டது. ஒரு கிராம் கெவ்லாரை அறுக்க 33 யூல் போதும். சிலந்தி நூலுக்கு 165. இந்த இழைக்கோ 570 யூல். பாரத்தை விறைத்து நின்று தாங்குவது ஒன்று, இழுபட்டுக் கொடுத்து, அடியை உறிஞ்சி, அறாமலிருப்பது மற்றொன்று. இரண்டாவதைக் கொடுத்தது பெரும்பாலும் பல்பகுதியந்தான். குழாய்கள் வழுக்க முயலும்போதெல்லாம் அது நீண்டு கொடுத்துப் பிடித்துக்கொண்டது. புகழற்ற பசை தன் பெறுமதியைக் காட்டிய நாள் அது.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2004 இல் கேம்பிரிட்ஜில் அலன் விண்டிலின் குழுவினர் உலையிலிருந்து புகைபோல் வரும் குழாய்களை நேரடியாகவே நூலாகச் சுற்றினர். ஹியூஸ்ரனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கடும் அமிலத்தில் குழாய்களைக் கரைத்தபோது அவை குவோலெக்கின் மோர்க் கரைசலைப்போலத் தாமே வரிசைப்பட்டன. 2013 இல் அதிலிருந்து நல்ல மின்கடத்தும் இழைகளை மத்தேயோ பஸ்குவாலியின் குழுவினர் நூற்றனர். 2018 இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில், சென்ரிமீற்றர்க் கணக்கில் நீண்ட குழாய்களைக் கத்தையாக்கி ஒரே இறுக்கத்தில் பூட்டியபோது, நமது அளவுகோலில் 8,000 கிலோவைத் தாண்டியது. ஆனால் கத்தையில் இருந்தவை மிகச் சில குழாய்களே. 2024 இல் பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நூலாக நூற்ற இழை திடீர் அடியின்போது சுமார் 1,400 கிலோவுக்கு ஈடான வலுக் காட்டியதாக அறிவித்தனர். தனிக் குழாய்க்கும் நூலுக்குமிடையே இருந்த பள்ளம் குறுகியிருக்கிறது; மறைந்துவிடவில்லை.

அங்கி அணிந்த காவலர்

இதெல்லாம் ஆய்வாளர்களின் எண் விளையாட்டு என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியன்று என்பதற்குப் பிபிஓவின் கதையே சாட்சி. யப்பானின் தொயோபோ நிறுவனம் 1998 முதல் அதைச் சைலோன் என்ற பெயரில் வணிகமாக உற்பத்தி செய்தது. புதிய இழையின் வலு கெவ்லாரைவிட மிக அதிகம். ஆகவே மெல்லிய, பாரமற்ற அங்கிகள் செய்யலாம். பொலிஸார் விரும்பி அணிந்தனர். 2003 ஜூனில் பென்சில்வேனியா மாநிலத்து ஃபொரஸ்ற் ஹில்ஸ் என்ற சிற்றூரில் காவலர் ஒருவர் சுடப்பட்டபோது, தடுத்திருக்கவேண்டிய குண்டு அங்கியைத் துளைத்து உள்ளே சென்றது. அவர் படுகாயத்துடன் உயிர்பிழைத்தார். அமெரிக்க அரசின் தேசிய நீதி நிறுவகம் ஆராய்ந்தது. ஈரலிப்பும் வெளிச்சமும் பட, இழையின் மூலக்கூறுச் சங்கிலிகள் காலப்போக்கில் அறுபடுகின்றன என்று தெரியவந்தது. வியர்வையில் நனைந்து வெயிலில் நடப்பவர்தானே காவலர்! 2005 இல் சைலோன் அங்கிகளுக்கான அங்கீகாரம் நீக்கப்பட்டது. வலுக்குறைவு பற்றி அறிந்தும் முழுமையாக வெளியிடவில்லை என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு, 2018 இல் தொயோபோ 66 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டதோடு, குற்றப்பொறுப்புத் தீர்மானிக்கப்படாமலே முடிந்தது.

இழையை அறுத்துப் பார்த்த அன்று கிடைத்த எண் பொய்யன்று. ஆனால் அது அன்றைய எண். மூன்றாண்டு ஒருவருடைய மார்பில் கிடந்த பிறகு கிடைக்கும் எண் வேறு. அங்கியை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இடையே மறைந்துபோனது அந்த இரண்டாவது எண்தான்.

நனோகுழாய்களிலும் இத்தகைய இரண்டாவது கேள்வி உண்டு. மெலிந்து, நீண்டு, உடலில் கரையாது தங்கும் இழை என்றதும் கல்நார் நினைவுக்கு வரவேண்டும். கல்நாரின் தூசு சுவாசப்பையை என்ன செய்தது என்பதை உலகம் பல்லாயிரம் தொழிலாளரின் உயிரைக் கொடுத்தே கற்றது. 2008 இல் எடின்பரோ ஆய்வாளர்கள், நீண்ட பல சுவர்க் குழாய்கள் எலிகளின் வயிற்றறைச் சவ்வில் கல்நாரைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதாகக் காட்டினர். 2014 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், ஒரு குறிப்பிட்ட வகைப் பல சுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது. எல்லா நனோகுழாய்களும் அப்படியென்று முடிவாகவில்லை. பிசினுக்குள்ளோ பல்பகுதிய இழைக்குள்ளோ உறைந்துவிட்ட குழாய் எளிதில் காற்றில் பறப்பதுமில்லை. ஆபத்து அதைத் தூளாகக் கையாளும் தொழிலாளிக்கும், பொருளை அராவுபவருக்கும், தேய்ந்ததை உடைத்தெறிபவருக்குமே முதலில் வரும். இங்கும் பல்பகுதியம் ஒரு காவல். அந்தக் காவல் எத்தனை காலத்துக்கு என்று கேட்பது நமது கடமை.

இத்தனைக்கும் பிறகு இந்த இழைகள் எங்கே பயன்படுகின்றன? 2000 களின் நடுப்பகுதி முதல் துவிச்சக்கரவண்டிச் சட்டங்களிலும் விளையாட்டு மட்டைகளிலும் பிசினுக்கு உரமூட்ட நனோகுழாய்கள் சிறிதளவு சேர்க்கப்பட்டன. மின்னைக் கடத்தும் இலேசான கம்பிகளாகவும் அவை நூற்கப்படுகின்றன. விண் தூக்கிக் கயிற்றுக்காக அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவுடன் 2005 முதல் சில ஆண்டுகள் நடந்த போட்டியில் வலுவான கயிற்றுக்கான பரிசை எவரும் வெல்லவில்லை.

கிளார்க்கின் கனவு பொய்த்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வானொலி அலைகளை விண்ணிலிருந்து உலகெங்கும் அஞ்சல் செய்யலாம் என்று 1945 இல் அவர் எழுதியதும் கனவாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய நாவலில் ஓர் இடத்தை மட்டும் இந்த வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்படி கேட்கிறேன். கோபுரம் வளர்ந்துகொண்டிருக்கையில் மேலே சிலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உதவ, இதயநோய் உள்ள வனவார் மோர்கன், தான் உருவாக்கிய அந்தத் தடத்தின்மேல் தானே ஏறிச் செல்கிறான். இறங்கி வரும் வழியில் உயிரை விடுகிறான். இழையைச் செய்தவன் தன் உயிரையே அதில் தொங்கவிட்டான். ஃபொரஸ்ற் ஹில்ஸ் காவலருடைய இழையை நூற்றவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

எஃகைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு வலியது என்று நாளை ஒரு செய்தி வரும், நிச்சயமாக வரும். அப்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வலியது தனி இழையா, நூற்ற கயிறா? எத்தனை முழ நீளத்துக்கு? வெயிலிலும் வியர்வையிலும் எத்தனை நாளைக்கு? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் நூலே நம்பத்தக்க நூல். ஆய்வுகூடங்களில் அந்த விடைகளைப் பொறுமையோடு தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டியைக் கரைத்து, வரிசைப்படுத்தி, பிடியை இறுக்கி, மறுபடியும் அறுத்துப் பார்க்கின்ற அவர்களுடைய உழைப்புக்கே இந்த உரையைக் காணிக்கையாக்குகிறேன்.